நடுகல், குத்துக்கல், மென்ஹிர்

போன கிழமை மருமகள் பல்கலைக்கழக விடுதியிலிருந்து எடுத்தாள். "மாமா, மென்ஹிருக்குத் தமிழ் என்னெண்டு எழுதிறது? சேர் நெடுங்கல் எண்டு சொன்னவர். ஒரு புத்தகத்தில நடுகல் எண்டு கிடக்கு, இன்னொண்டில குத்துக்கல்." மூன்றும் சரிதான் பிள்ளை என்று சொல்லிக் கழன்றிருக்கலாம். ஆனால் அவை மூன்றும், பழங்காலத்தில் தனியே நிமிர்த்தி நிறுத்திய ஒரே கல்லை மூன்று பக்கத்திலிருந்து பார்க்கிற சொற்கள். எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல் எழுதினால் விடைத்தாளில் புள்ளி கிடைக்கலாம், விளக்கம் கிடைக்காது.

முதலில் வெளியூர்ச் சொல். பிரான்சின் வடமேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கிற பிரிட்டனியில் பேசப்படுவது பிரெத்தோன் மொழி. அதில் 'மேன்' என்றால் கல், 'ஹிர்' என்றால் நீண்ட. சேர்த்தால் நீண்ட கல். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுப் பழம்பொருள் ஆர்வலர்கள் இந்தச் சொல்லைக் கையில் எடுத்தார்கள், அங்கிருந்து உலகத் தொல்லியல் முழுவதற்கும் பரவியது. கூடப் பிறந்ததுபோல வருகிற 'தொல்மென்' மேசைக்கல். நம்மவர்கள் அதைக் கல்திட்டை என்கிறார்கள். ஆக, சேர் சொன்ன நெடுங்கல் பிழையில்லை. மென்ஹிரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வருவது அதுதான். பார்த்தவன் கண்ணில் பட்டதைச் சொல்கிற பெயர்: கல் நீளம், அவ்வளவுதான்.

குத்துக்கல்லும் தோற்றத்தைச் சொல்வதுதான், ஆனால் நீளத்தை விட்டுவிட்டு நிலையைப் பிடிக்கிறது. எங்கள் கணிதப் புத்தகத்தில் கிடை, நிலைக்குத்து என்று படித்தோமே, அந்தக் குத்து. நட்டுக்கு நிற்பது. "குத்துக்கல்லு மாதிரி நான் நிக்கிறன், என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்று ஆச்சிமார் ஏசும்போது கல்லின் உயரமா கணக்கு? அசையாமல் நிற்கிறதுதான்.

நடுகல் வேறு வகை. அது கல்லின் தோற்றத்தைச் சொல்லவேயில்லை, மனிதன் அதற்குச் செய்ததைச் சொல்கிறது. நாற்றை நடுவது, கப்பை நடுவது, மரநடுகை, எல்லாம் அந்த 'நடு'தான். இலக்கணத்தில் இது வினைத்தொகை. ஊறுகாயைப் போல காலம் காட்டாத தொகை: நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என்று மூன்று காலத்துக்கும் விரியும். இந்தச் சின்ன இலக்கணக் குறிப்பில்தான் முழு விசயமும் கிடக்கிறது என்பது என் எண்ணம். கல் உடைந்து வேறொரு கல்லை அதே குழியில் நிறுத்தினால் அது பழைய நீண்ட கல் அல்ல, ஆனால் நடுகல்தான். செயல் திரும்ப நடந்துவிட்டது, பெயரும் கூடவே வந்துவிட்டது.

சங்கப் பாட்டில், செத்த வீரனுக்கு நிறுத்திய கல் என்ற பொருளில் இந்தச் சொல் தாராளமாகக் கிடைக்கும். 'எழுத்துடை நடுகல்' என்று வருகிறது, 'பிறங்குநிலை நடுகல்' என்று வருகிறது. அகநானூற்றில் 'நெடுநிலை நடுகல்' என்றே ஒரு தொடர் உண்டு. மென்ஹிருக்குத் தமிழ்நாட்டுத் தொல்லியலாளர் பலர் எடுத்துக்கொண்டது அதைத்தான். புறநானூற்றின் 264ஆம் பாட்டு செய்முறையையே சொல்லிவிடும்: பரல் நிறைந்த மேட்டில் பதுக்கை சேர்த்து, மரல் நாரில் தொடுத்த சிவந்த பூங்கண்ணியோடு மயிற்பீலி சூட்டி, பெயர் பொறித்து, 'இனி நட்டனரே கல்லும்'. பதுக்கை என்பது உடலை மூடிய கற்குவியல். கல் அதற்கு மேலதிகம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்தோடு நடுகற்கள் கிடைத்த பிறகு, 'பெயர் பொறித்து' என்பதைப் புலவனின் கற்பனை என்று யாரும் தள்ள முடியாது.

தொல்காப்பியம் இந்த வேலையை ஆறு படியாகப் பிரிக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைப் பார்த்துத் தெரிவது, எடுக்கத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று எளிமையாக விளங்கிக்கொள்ளலாம். உரைகாரர்களுக்குள் இழுபறி உண்டு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் இந்த ஏணியில்தான் ஏறுகிறது: காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை. செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கனக விசயர் தலையில் ஏற்றிக் கங்கையில் நீராட்டியது கண்ணகிக்காக. அந்தக் கண்ணகிக்கு வைகாசியில் உப்புநீரில் விளக்கெரித்துப் பொங்குகிற வற்றாப்பளைக் கோயில் எங்கள் பக்கத்தில் இருக்கிறபடியால், இலங்கையின் வடக்கே வன்னியில் இந்த ஆறு சொல்லும் அவ்வளவு அந்நியமில்லை. அதிலும் கால்கோளைப் பாருங்கள். தை மாதத்தில் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது பள்ளிக்கூட வாசலில் கட்டுகிற பதாகையில் 'கால்கோள் விழா' என்று இருக்கும். ஒரு காலத்தில் செத்த வீரனுக்குக் கல்லெடுக்கப் புறப்பட்ட சொல், இப்போது தண்ணீர்ப் போத்தலும் அழுகையுமாக வருகிற ஐந்து வயதுகளை வரவேற்கிறது. சொல்லுக்கு இதைவிட நல்ல மறுபிறப்பு அமையாது.

நடுதல் என்ற நான்காம் படியை நான் கண்ணால் கண்டது ஒருமுறைதான். எங்கள் குளக்கட்டின் கோடியில் ஐயனாராக நின்ற கல், மேலே மரம் முறிந்து விழுந்ததில் இடுப்போடு உடைந்துபோனது. புதுக்கல் வவுனியாப் பக்கத்திலிருந்து வந்தது: 7 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 1 அடி தடிப்பு. ஜேசிபியைக் கட்டில் ஏற்றினால் மண் இளகும் என்று கமக்காரர் அமைப்பு மறுத்துவிட்டது. இளைஞர்கள் கையைப் பிசைந்தார்கள். பெரியப்பாதான் சிரித்தார். "கல்லைத் தூக்க ஏலாது தம்பியவை. அதை எழும்பப் பண்ணத்தான் ஏலும்."

கருங்கல் ஒரு கன மீற்றர் சுமார் 2.7 தொன். அப்படிப் பார்த்தால் எங்கள் கல் ஏறத்தாழ 800 கிலோ. ஆனால் ஒரு முனையைக் கிளப்பும்போது பாதிப் பாரத்தை நிலம் தாங்கிக்கொள்ளும், மிச்சம் 400. ஆறடி அலவாங்கின் நுனியைக் கல்லுக்குக் கீழ் கொடுத்து, நுனியிலிருந்து அரையடியில் ஒரு குற்றியை வைத்தால், கைப்பக்கம் ஐந்தரை அடி. பதினொன்றுக்கு ஒன்று. 36 கிலோ பாரம் கொடுத்தால் கல் எழும்பும், ஒரு ஆள் போதும். கூலி வேறு விதமாகப் போகும்: கை இரண்டடி இறங்கினால் கல் இரண்டு அங்குலம்தான் ஏறும். அந்த இரண்டு அங்குலத்தில் ஒருவர் சட்டென்று பலகையைச் செருகவேண்டும். பிறகு மறுபடி இரண்டு அங்குலம். பள்ளிக்கூடத்தில் நெம்பு, பொறுதி, சுமை, எத்தனம் என்று பாடமாக்கியதெல்லாம் அன்றுதான் கையில் உறைத்தது.

அலவாங்கைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் கடப்பாரை என்பார்கள். நம்முடையது போர்த்துக்கேயன் விட்டுப்போன சொல்; அவன் மொழியில் 'அலவங்கா' என்றாலே நெம்புகோல்தான். தூய தமிழ்க் கல்லை நட வந்த இடத்தில் கருவி பறங்கி என்று ஒரு தனித்தமிழ் நண்பர் பின்னர் வருத்தப்பட்டார். கல் வருத்தப்படவில்லை.

கட்டுக்குக் கீழிருந்து கல்லைப் பனங்குற்றிகளின் மேல் உருட்டிக் கொண்டுவந்தோம். குழி இரண்டடி ஆழம். அதன் ஒரு சுவர் நேர்க்குத்து, எதிர்ச்சுவர் சாய்வு. கல்லின் அடி சாய்வுப் பக்கமாக வழுகி இறங்கி, எதிரே உள்ள நேர்ச்சுவரில் போய் முட்டி நிற்கவேண்டும். அந்தச் சுவர் இடியாமலிருக்க முதிரைக் கம்புகளை வரிசையாக இறுக்கியிருந்தார் பெரியப்பா. இங்கிலாந்தின் ஸ்ரோன்ஹெஞ்சில் தோண்டியபோது, கற்குழிகளின் பின்சுவரோரம் இப்படிக் கம்பு நட்ட துளைகளைக் கண்டிருக்கிறார்கள் என்று நான் படித்தது மிகப் பிந்தித்தான். தலைப்பக்கத்தை நெம்பி, பலகை அடுக்கி, நெம்பி, பலகை அடுக்கி, கல் பாதிக்கு மேல் நிமிர்ந்த பிறகுதான் கயிறு. அதற்கு முன் இழுத்தால் கல் எழும்பாது, அரைந்துகொண்டு முன்னுக்குத்தான் வரும். இரண்டு கம்பைக் கத்தரிபோலக் கட்டி நிறுத்தி அதற்கு மேலால் வடத்தை விட்டார், இழுவை மேல்நோக்கி விழுவதற்காக. பின்னுக்கும் ஒரு கயிறு, கல் நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் சரியாதபடி பிடிக்க. கல் நின்றதும் குழியில் உடைகல்லும் கிறவலும் போட்டு உலக்கையால் இடித்தோம். காலையில் தொடங்கி மத்தியானச் சோறு பிந்திப்போச்சு, அவ்வளவே.

பசிபிக்கில் ஈஸ்டர் தீவில் நோர்வே ஆய்வாளர் தோர் ஹெயர்டாலின் 1955–56 பயணத்தின்போது, விழுந்து கிடந்த ஒரு பெருஞ்சிலையை ஊரவர் 12 பேர் 18 நாளில் நிமிர்த்தினார்கள். கருவி, மரக்கம்பும் சிலைக்குக் கீழ் திணித்த சிறு கற்களும். எங்கள் பலகையின் இடத்தில் அவர்களுக்குக் கல், வேறு வித்தியாசம் இல்லை.

இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஏவ்பரியில் நடந்தது இன்னொரு விதம். 1930களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கெய்லர் புதைந்து கிடந்த கற்களைத் தோண்டி நிமிர்த்தினார்; கல் அழிந்துபோன குழிகளில் வேறு கல்லை நடாமல் கொங்கிறீற்றுக் குறிகளை வைத்தார். தொல்லியலின் நேர்மை அது, குறை சொல்ல மாட்டேன். மென்ஹிர் என்ற சொல்லுக்கும் அது பொருந்துகிறது: அந்த நீண்ட கல் இல்லையென்றால் இல்லைதான்.

வன்னியில் கல் போனாலும் அது யாருக்கான கல் என்பதை விடமாட்டார்கள். ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்துக் கற்சிலைமடுவை எடுங்கள், ஊர்ப்பெயரிலேயே கல். 1803 ஒக்ரோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்தது இவ்விடத்தருகே என்று ஆங்கிலத்தில் வெட்டிய கல் அங்கே நின்றது. 2010இல் அதை உடைத்தார்கள். புறநானூற்றுக் கண்ணால் பார்த்தால் அது நடுகல்லே இல்லை. வென்றவன் பெயரை முன்னால் போட்டு நட்ட வெற்றிக்கல். ஆனாலும் சனம் அதைத் தோற்றவனின் கல்லாகவே வாசித்தது. 'என்னைமுன் நில்லன்மின்' என்று தொடங்கும் குறளில் 'கல்நின்றவர்', அதாவது செத்துக் கல்லாக நின்றவர், பகைவர். இங்கே கல்லில் நின்றவன் நம்மாள்.

இந்த மண்ணில் நடுகல் என்றால் பலருக்கு முதலில் நினைவு வருவது சங்கப் பாட்டல்ல, போரில் இறந்த புலிகளுக்கான துயிலுமில்லம். அங்கே உடல் கிடைத்தவருக்குக் கல்லறை, கிடைக்காதவருக்கு நினைவுக்கல், அதை நடுகல் என்றும் சொன்னார்கள். பதுக்கையும் கல்லும் என்ற பழைய பிரிவு தெரிந்தோ தெரியாமலோ திரும்பி வந்திருந்தது. போருக்குப் பின் அவை இடித்து மட்டமாக்கப்பட்டன. பின்னாளில் சனம் துண்டுகளைப் பொறுக்கி ஓரிடத்தில் குவித்து விளக்கேற்றியது. கற்குவை என்று தொல்லியலில் ஒரு சொல் இருக்கிறது. அதை அங்கே போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

மருமகளுக்கு இப்படி எழுதி அனுப்பினேன். யாருக்காக, ஏன் நிறுத்தினார்கள் என்று தெரியாத, எழுத்தில்லாத பெருங்கற்காலக் கல்லென்றால் குத்துக்கல் அல்லது நெடுநிலை நடுகல். ஒருவர் நினைவுக்கு என்று தெரிந்தால் வெறும் நடுகல். பிரிட்டனிக் கற்களைப் பற்றியே பேசுகிறாய் என்றால் மென்ஹிர் என்று அவர்கள் சொல்லையே வை, முதல் இடத்தில் நெடுங்கல் என்று பொருள் சொல்லிவிடு. உடைந்ததற்குப் பதிலாக நட்டதை 'மாற்றுக்கல்' என்று எழுதலாம், விளங்கும்.

அவள் திருப்பிக் கேட்டாள், எங்கள் ஐயனாரின் உடைந்த மேற்பாதி என்னவாயிற்று என்று. அதைக் குழிக்குள்ளேயே போட்டோம். புதுக்கல்லின் அடிக்கு முண்டு கொடுத்துக்கொண்டு இருக்கிறது. ஊரில் அதற்குப் பெயர் 'பழையவர்'.