திவாலைத் தாக்கல் செய்ய முடியுமா?

கடனில் மாட்டிக்கொண்டவர்களுக்காக ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த கேள்வி-பதில் ஒன்றை நண்பர் அனுப்பியிருந்தார். முதல் கேள்வி: ‘தனிப்பட்ட திவால்நிலையைத் தாக்கல் செய்வது எப்படி?’ இதே தொடரை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது! தாக்கல் ஆவது மனு. திவாலை எப்படி ஐயா தாக்கல் செய்வது? ‘தனிப்பட்ட’ என்பதும் தப்பு. வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்த திவால் போலத் தொனிக்கிறது. தனிநபர் என்று எழுதினால் போதும்.

சொல்லின் கதை சின்னது. திவால், இந்தி ‘திவாலா’விலிருந்து வந்தது. கையிருப்பு தீர்ந்த வணிகர் பகலிலேயே கடையில் விளக்கேற்றி வைத்து ஊருக்குத் தெரிவிப்பார், அந்த விளக்கிலிருந்து பிறந்த சொல் என்று ஒரு விளக்கம் உண்டு. ஆங்கிலச் சொல்லான ‘பேங்க்ரப்ட்சி’க்கு மூலம் இத்தாலிய ‘பாங்கா ரோட்டா’, அதாவது உடைந்த பலகை. காசு மாற்றுகிறவர் உட்கார்ந்து தொழில் செய்த பலகை அது. அதன் டச்சு வடிவம்தான் இலங்கைத் தமிழில் வங்குரோத்து. இதை அறியாத ஒருவர் ‘வங்கி முறிவு’ என்று பெயர்த்ததையும் பார்த்திருக்கிறேன். முறிந்தது கடன்பட்டவர், வங்கி நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, திவால் எல்லாருக்கும் புரிகிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன என்பார்கள். எனக்கு அதன் இந்தி மூலம் ஒரு பொருட்டே இல்லை. தாக்கலும் வடக்கிலிருந்து வந்ததுதான், அதோடு நான் சண்டை போடவில்லையே. என் வழக்கு வேறு: இரண்டு பொருளை ஒரே சொல்லில் திணிக்கிறோம். கடனை அடைக்க வழியில்லாமல் போவது ஒரு நிலைமை. அந்த நிலைமையை நீதிமன்றம் ஏற்று ஆணையிடுவது வேறு. முதலாவதில் இருக்கிற எத்தனையோ பேர் இரண்டாவதுக்குப் போவதே இல்லை. தவணையை மாற்றிப் பேசி மீண்டுவிடுகிறார்கள். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டுக்கும் ‘இன்சால்வென்சி’, ‘பேங்க்ரப்ட்சி’ என்று இரண்டு சொல்லைத் தன் ஆங்கிலப் பெயரிலேயே வைத்திருக்கிறது. நம் செய்தித்தாள்களோ மொத்தத்தையும் ‘திவால் சட்டம்’ என்று சுருக்கிவிட்டன. போதாக்குறைக்குத் திவால் ஒரு வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. கொள்கை திவால், அரசியல் திவால். வங்குரோத்துக்கும் இதே கதிதான், ‘வங்குரோத்து அரசியல்’ என்று திட்டுகிறார்கள். ஏற்கெனவே கூசிப்போய் வந்து நிற்பவர் கையில் இந்தச் சொல் அச்சிட்ட படிவத்தை நீட்டினால் அவர் எப்படி நிரப்புவார்?

‘தொழில் நொடிச்சுப் போச்சு’ என்று நாம் சொல்வதுதானே? நொடித்தலுக்கு நொண்டி நடப்பது என்றும் பொருள் உண்டு. நடை தளர்ந்துவிட்டது, ஆள் இன்னும் இருக்கிறார். அந்த நிலைமைக்கு நொடிப்பு, கொடுப்பது நொடிப்பு மனு, நீதிமன்றம் தருவது நொடிப்பாணை. பேச்சு வழக்கில் இதைவிடச் சுருக்கமாகவே ஒன்று இருக்கிறது: ‘ஐ.பி. கொடுத்துட்டார்.’ 1909, 1920ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டங்களின்கீழ் போட்ட மனுவின் ஆங்கிலப் பெயரான ‘இன்சால்வென்சி பெட்டிஷ’னை முதலெழுத்தாக்கி மக்கள் பேசியது. கவனியுங்கள், அவர்கள்கூட மனுவைத்தான் கொடுத்தார்கள், திவாலை இல்லை. ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டார்’ என்பதிலும் கையில் ஒரு காகிதம் இருக்கிறது.

நண்பர் அனுப்பியதற்கே திரும்புகிறேன். ஐந்தாவது பதிலில் ‘உங்கள் கடன்கள் வெளியேற்றப்படும்’ என்று இருந்தது. ஆங்கில ‘டிஸ்சார்ஜ்’ இப்படி ஆகியிருக்கிறது. எங்கே, ஆஸ்பத்திரியிலிருந்தா? கடன் எங்கும் போவதில்லை, கடன்பட்டவர்தான் அதிலிருந்து விடுபடுகிறார். கடன் விடுவிப்பு என்று எழுத என்ன தடை? அதுவும் எல்லாக் கடனுக்கும் கிடைக்காது; ஜீவனாம்சப் பாக்கி, மோசடியால் வந்த கடன் போன்றவற்றைப் பல நாடுகளின் சட்டங்கள் விடுவிப்பதில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டு விடலாம். ஆனால் அடுத்த வரியில் வீட்டுக் கடனைப் ‘பாதுகாக்கப்பட்ட கடன்’ என்று போட்டிருந்தார்கள். படிக்கிறவர் என்ன நினைப்பார்? அப்பாடா, வீடு பத்திரம் என்றுதானே! பாதுகாப்பு கடன் கொடுத்தவருக்கு. அது ஈட்டுக் கடன். பணம் வராவிட்டால் ஈடாக வைத்த வீட்டின்மேல்தான் அவர் கை வைப்பார்.