விண்டோஸ் பென்டிரைவ் செய்ய விண்டோஸ் எதற்கு?

ஒரு கணினியில் விண்டோஸ் படுத்துவிட்டது, கையில் இருப்பது மேக் அல்லது லினக்ஸ் மட்டும்தான். இந்த நிலையில் விண்டோஸ் இன்ஸ்டாலர் பென்டிரைவை எப்படித் தயாரிப்பது? ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு முழு இன்ஸ்டால் டிஸ்க்கையும் ஒரே கோப்பாக அடக்கிய நகல்) இறக்கிப் பென்டிரைவுக்குள் அப்படியே போட்டால் அது பூட் ஆகாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் மிச்சமெல்லாம் சுலபம்.

கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர். அதற்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. பென்டிரைவில் ஃபேட் என்ற பழைய, எளிய கோப்பு முறையில் அமைந்த பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பகுதி) ஒன்று இருக்கிறதா, அதில் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் இருக்கும் பூட் ஃபோல்டரில் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் (64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு இந்தப் பெயர்), இருந்தால் எடுத்து ஓட்டும். பென்டிரைவை எந்தக் கணினியில் தயாரித்தீர்கள் என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் லினக்ஸ் ஐஎஸ்ஓவை மட்டும் டிடி என்ற டெர்மினல் கட்டளையால் பைட் பைட்டாக எழுதினாலே பூட் ஆகிவிடுகிறதே, அது எப்படி? இதில் ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. சிடிக்காக உருவான ஐஎஸ்ஓ 9660 வடிவம் தன் முதல் 32 கிலோபைட்டைத் தொடுவதே இல்லை, காலியாக விட்டுவைக்கிறது. லினக்ஸ்காரர்கள் அந்தக் காலி இடத்தில் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது போன்ற பார்ட்டிஷன் அட்டவணையை, அதாவது எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை, செருகிவிட்டார்கள். அதனால் அதே கோப்பு சிடியில் எழுதினால் சிடி, பென்டிரைவில் எழுதினால் டிஸ்க்.

விண்டோஸ் ஐஎஸ்ஓவில் இந்த ஏற்பாடு கிடையாது. டிடி போட்டால் எழுதி முடித்துவிடும், ஆனால் ஃபர்ம்வேர் கண்டுகொள்ளாது. ஆகவே பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, ஐஎஸ்ஓவைத் திறந்து, உள்ளிருக்கும் கோப்புகளைக் காப்பி செய்ய வேண்டும். பூட்எக்ஸ்64 கோப்பு அதற்குள்ளேயே இருப்பதால் யூஇஎஃப்ஐக்கு அது போதும்.

அப்புறம்தான் தலைவலி. சோர்சஸ் ஃபோல்டரில் இருக்கும் இன்ஸ்டால்.விம் கோப்பு இப்போதெல்லாம் பெரும்பாலும் 4 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. ஃபேட்32 ஒவ்வொரு கோப்பின் அளவையும் 32 பிட்டில்தான் குறித்துவைக்கிறது, அதில் எழுத முடிந்த பெரிய எண் 4,29,49,67,295. அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் காப்பி பாதியில் நின்றுவிடும். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்தால் கோப்பு ஏறும், ஆனால் பல ஃபர்ம்வேர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. சரியான வழி, விம்லிப் என்ற இலவசக் கருவியால் அந்தக் கோப்பை 3,800 எம்பி துண்டுகளாக வெட்டி, எஸ்டபிள்யூஎம் என்ற பின்னொட்டோடு அதே ஃபோல்டரில் வைப்பதுதான். துண்டுகளைச் சேர்த்துப் படிக்க விண்டோஸ் செட்டப்புக்கே தெரியும், நாம் எதுவும் சொல்லத் தேவையில்லை. மேக்கில் ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் மேனேஜர் (மென்பொருள்களை நிறுவித் தரும் கருவி) வழியாகவும் லினக்ஸில் வழக்கமான பேக்கேஜ் மேனேஜர் வழியாகவும் விம்லிப் கிடைக்கும்.

ஃபார்மட் செய்வதற்கு முன் ஒன்று: பென்டிரைவைச் செருகுவதற்கு முன்பு ஒரு தடவை, செருகிய பிறகு ஒரு தடவை டிஸ்க் பட்டியலைப் பாருங்கள் (லினக்ஸில் எல்எஸ்பிஎல்கே, மேக்கில் டிஸ்க்யூட்டில் லிஸ்ட்). புதிதாக முளைத்த பெயர்தான் உங்கள் பென்டிரைவ். டிடிக்கு ஓர் எழுத்து மாற்றிக் கொடுத்தாலும் "நிச்சயமா?" என்று கேட்காமல் உங்கள் சொந்த ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிடும். காப்பி முடிந்துவிட்டது என்று திரை சொன்னாலும் கொஞ்சம் டேட்டா இன்னும் ரேமில் காத்திருக்கலாம், முறையாக எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் அரைகுறை இன்ஸ்டாலர்தான் மிஞ்சும்.

லினக்ஸ் ஐஎஸ்ஓவை எழுதிய பென்டிரைவை மேக்கில் செருகினால், படிக்க முடியவில்லை என்று ஒரு செய்தி வரும். பயப்பட வேண்டாம், எஜெக்ட் கொடுத்துவிட்டு எடுங்கள். பின்னால் அதைச் சாதாரணமாகப் பயன்படுத்தும்போது பல ஜிபி காணாமல் போனது போல இருந்தால், பார்ட்டிஷன் அட்டவணையையே அழித்துப் புதிதாகப் போடுங்கள், முழு இடமும் திரும்பக் கிடைத்துவிடும்.