கவாத்து, கிளைகழித்தல், சுத்தம்பண்ணுதல்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு வாசல் சிமெண்ட் தரைதான். அதில் வைத்த பூச்சட்டிகள்தான் தோட்டம். அதில் ஒரு கறிவேப்பிலை ஒற்றைக் குச்சியாக என் தோள் உயரத்துக்குப் போய்விட்டது. உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "கவாத்து வெட்டாம வச்சிருந்தா எப்படிம்மா தழைக்கும்?" என்றார். மனமே இல்லாமல்தான் வெட்டினேன். சில வாரங்களில் வெட்டிய இடத்துக்குக் கீழே நாலு துளிர். அன்று பிடித்துக்கொண்டது இந்தச் சொல்.

கவாத்து தமிழ் வேரில் பிறந்ததல்ல. சிப்பாய்களின் அணிப்பயிற்சிக்குப் பெயராக உருதுவிலிருந்து நமக்கு வந்தது. அதற்கும் மூலம் அரபு 'கவாயித்', அதாவது விதிகள். அந்த அரபுச் சொல்லின் ஒருமை வடிவம்தான் மலாயில் 'காயேடா' ஆகி, 'முறை' என்ற பொருளில் நம் பிள்ளைகளின் பாடநூல்களில் இருக்கிறது. காப்பி, தேயிலைத் தோட்டங்களில் கவாத்து என்றால் செடியை வெட்டி ஒழுங்குபடுத்துவது. இலங்கை மலையகத்தில் கவ்வாத்து என்று அழுத்திச் சொல்வார்கள். தேயிலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படி வெட்டாவிட்டால் கொழுந்து கைக்கு எட்டாத மரமாகிவிடும். மலைச்சரிவு முழுக்க ஒரே மட்டத்தில் நிற்கும் செடிகளைப் பார்த்தால் அணிவகுப்பு ஞாபகம் வரத்தான் செய்கிறது.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? கத்தரித்தல் என்று பலர் எழுதுகிறார்கள். கத்தரி வடமொழி 'கர்த்தரி'யிலிருந்து வந்தது; தவறில்லை, ஆனால் துணியையும் முடியையும்தான் முதலில் நினைவூட்டுகிறது. தறித்தல் மரத்தையே சாய்ப்பது. எனக்குப் பொருத்தமாகப் படுவது கிளைகழித்தல். அதை அகராதியில் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, வேதப்புத்தகத்தில், அதாவது பைபிளில் கண்டேன். லேவியராகமம் 25:3-இல் "உன் திராட்சத்தோட்டத்தைக் கிளைகழித்து" என்று இருக்கிறது. ஏசாயா 5:6-இல் அதே வேலைக்குக் கிளை நறுக்குதல். இரண்டும் கையில் கத்தி பிடித்தவர்களின் தமிழ். கணக்கில் கழித்தால் குறையும் என்று படித்த நாம், செடியில் கழித்தால் கூடும் என்று கண்ணால் பார்க்கிறோம்.

அப்புறம், இயேசு தம்மைத் திராட்சச்செடியாகவும் பிதாவைத் தோட்டக்காரராகவும் சீஷர்களைக் கொடிகளாகவும் சொல்லும் யோவான் 15-க்கு வந்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. அங்கே கழித்தலும் இல்லை, நறுக்குதலும் இல்லை. "கனிகொடுக்கிற கொடி எதுவோ, அது அதிக கனிகளைக் கொடுக்கும்படி, அதைச் சுத்தம்பண்ணுகிறார்" என்று இருக்கிறது. சிறு வயதில் இதைக் கேட்டபோது, தோட்டக்காரர் ஈரத்துணியால் இலை துடைப்பதாக நினைத்துக்கொண்டேன். கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது 'கதாய்ரெய்'. சுத்தமாக்குவது என்பதுதான் அதன் பொருள். கொடியைப் பற்றிப் பேசும்போது வேண்டாத கிளையை வெட்டி நீக்குவது. அடுத்த வசனத்தில் சீஷர்களைப் பார்த்து இயேசு சொல்லும் 'சுத்தமாயிருக்கிறீர்கள்' என்பதும் அதே வேரில் வந்த சொல்தான். தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் 'சுத்தம்' என்றே வைத்ததால் அந்த இணைப்பு அறுந்துபோகவில்லை. இங்கே 'கவாத்து செய்கிறார்' என்று மாற்றினால் தோட்டம் தெளிவாகும், அந்த உறவு போய்விடும். இந்த ஒரு வசனத்தில் மட்டும் பழைய சொல் அப்படியே இருக்கட்டும் என்பேன்; வேதபாடத்தில் விளக்கும்போது கிளைகழித்தலைச் சேர்த்துச் சொன்னால் போதும்.

கத்தி யார்மேல் படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கனி கொடாத கொடி அறுத்துப்போடப்படுகிறது. கிளைகழிக்கப்படுவதோ ஏற்கெனவே கனி கொடுக்கிற கொடி. துன்பம் வந்ததும் 'நான் என்ன தப்பு செய்தேன்' என்று கலங்குகிற ஒருவரிடம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விவரம் இது. அம்மா இறந்த வருஷம் எனக்கு இது தேவைப்பட்டது.

இஸ்ரவேல் தேசத்தில் திராட்சைக் கொடியை, அது இலையுதிர்த்து உறங்கும் குளிர்காலத்தில் வெட்டுவார்கள். கனி வருவது அதற்குப் பிறகு எழும் புதுத் தளிரில்தான். பினாங்கில் நமக்குக் குளிர்காலம் இல்லை. செடி எப்போதும் விழித்தேயிருக்கிறது. கறிவேப்பிலையின் நுனிமொட்டில் ஊறும் ஆக்சின் என்ற சுரப்பு கீழே இறங்கி, பக்கமொட்டுகளை எழவிடாமல் அடக்கிவைக்கிறது. நுனியை எடுத்ததும் அவை எழும்புகின்றன. அத்தனை துளிரும் குச்சிக்குள் முன்பே இருந்தவைதான். நம் ஊர் மழையில் ஈரக் காயத்தில் பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும்; வெயில் நாளாகப் பார்த்து, கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுகிறேன். செடியைச் சுத்தம்பண்ணப் போகும் கத்தி முதலில் சுத்தமாக வேண்டியிருக்கிறது.

கழித்த கிளைகள் குப்பைக்குப் போவதில்லை. பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்ட்டி ஒரு கட்டு வாங்கிக்கொள்வார், மீன் கறிக்கு.

லேவியராகமத்தில் அதே சொல் அடுத்த வசனத்திலும் வருகிறது, எதிர்மறையில்: ஏழாம் வருஷத்தில் திராட்சத்தோட்டத்தைக் "கிளைகழிக்காமலும்" இருக்க வேண்டும். நிலத்துக்கு ஓய்வு, கொடிக்கும் ஓய்வு, கத்திக்கும் ஓய்வு. எங்கள் கறிவேப்பிலைக்கு இது நாலாம் வருஷம்.