40 வாட்டில் ஒரு லெட்டூஸ் பாத்தி

அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தால் இரண்டடிக்கு இரண்டடி இடம் கிடைக்கும். விளக்குக்கு 40 வாட், அதற்கு மேல் கிடையாது. இதில் லெட்டூஸ் வளருமா? நன்றாகவே வளரும். ஆனால் கணக்கை வாட்டில் போடாமல் ஃபோட்டானில், அதாவது ஒளித்துகளில், போட வேண்டும்.

ஒளிச்சேர்க்கைக்கு எத்தனை ஃபோட்டான் இலையில் சேர்ந்தது என்பதுதான் முக்கியம். தரமான எல்இடி ஒரு ஜூல் மின்சாரத்துக்குச் சுமார் 2.5 மைக்ரோமோல் ஃபோட்டான் தரும். (மோல் என்பது ஃபோட்டான்களை எண்ணும் ஒரு பெரிய அளவு; மைக்ரோமோல் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு வாட் என்றால் வினாடிக்கு ஒரு ஜூல்.) அப்படியானால் 40 வாட்டுக்கு வினாடிக்கு 100 மைக்ரோமோல். அதில் கால்பங்கு சுவரில் வீணானாலும், மிச்சம் அந்த நான்கு சதுர அடியில் பரவும்போது சதுர மீட்டருக்கு வினாடிக்கு 200 மைக்ரோமோல் வரும். 16 மணி நேரம் எரியவிட்டால் சதுர மீட்டருக்கு நாளுக்குச் சுமார் 11.5 மோல். லெட்டூஸுக்கு 12 முதல் 17 மோல் வரை இருந்தால் நல்லது, கிட்டத்தட்ட எட்டிவிட்டோம். செலவு நாளுக்கு 0.64 யூனிட்தான்.

அதே மின்சாரத்தை 80 வாட் விளக்கில் 8 மணி நேரத்தில் செலவழித்தால் என்ன? விளைச்சல் குறையும். ஒளி கூடக்கூட இலையால் முழுதையும் வாங்கிக்கொள்ள முடியாது, ஒரு பங்கு வெப்பமாகவே போய்விடும். கொஞ்சமாக, நீண்ட நேரம் கொடுப்பதே லாபம். (முளைக்கீரை வேறு ரகம். கடும் வெயிலையும் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும் 'சி4' என்ற வகைச் செடி அது. இந்த வெளிச்சத்தில் சவலையாகத்தான் நிற்கும்.)

சுவரைவிடப் பெரிய நஷ்டம் நாற்றுப் பருவத்தில் நடக்கிறது. விரல்நுனி அளவு நாற்றுகளை முழுத் தட்டிலும் பரப்பி வைத்தால், வெளிச்சத்தில் பெரும்பகுதி வெறும் தட்டில்தான் விழும். முதல் இரண்டு வாரம் எல்லா நாற்றையும் ஒரு சிறு தட்டில் நெருக்கி வைத்து, விளக்கைத் தாழ்த்தி, மங்கலாக எரிய விடுங்கள். இலைகள் ஒன்றையொன்று தொடும்போது பிரித்து நடுங்கள். சுற்றிலும் வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டால் சிதறும் ஒளியும் திரும்பி வரும்.

அப்புறம் காற்று. செடியின் நடுவே சுருண்டிருக்கும் இளம் இலையைப் பிரித்துப் பாருங்கள். விளிம்பு தீய்ந்ததுபோலப் பழுப்பாக இருந்தால், கால்சியம் அங்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கால்சியம் நீரோடுதான் மேலே ஏறும்; அசையாத ஈரக்காற்றில் அந்த இலை நீரை ஆவியாக விடுவதில்லை, அதனால் உள்ளே இழுப்பதுமில்லை. உரம் கூட்டினாலும் இது தீராது. இரண்டு மூன்று வாட் கணினி விசிறி ஒன்றைச் செடியின் நடுப்பகுதி லேசாக அசையும்படி வையுங்கள்.

சர்வதேச விண்வெளி நிலையத்தின் 'வெஜ்ஜி' தோட்டப் பெட்டியிலும் இதே பாடம்தான். கைப்பெட்டி அளவுதான் அது. 2015 ஆகஸ்டில் அதில் விளைந்த சிவப்பு லெட்டூஸை வீரர்கள் சாப்பிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜின்னியா பூச்செடிகளில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடித்தது. கெட்ட பகுதிகளை வெட்டி, விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள். 2016 ஜனவரியில் பூத்தது.