டியூப்லெஸ் டயரை நம்பி டியூப் இல்லாமல் வேட்டைக்குப் போகாதீர்கள்

வேட்டைப் பருவம் தொடங்கியதிலிருந்து என் பட்டறைக்கு இப்படி வரும் நான்காவது சைக்கிள் இது. 4 அங்குல அகல டயர் போட்ட நல்ல வண்டி. பின் டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிசல், ரிம்மும் நெளிந்து போயிருக்கிறது. வண்டிக்காரர் இருட்டில், இறைச்சி மூட்டையோடு, 14 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். மாற்று டியூப் இல்லையா என்று கேட்டேன். "டியூப்லெஸ்தானே, எதுக்கு டியூப்?" என்றார். முன்னால் வந்த மூன்று பேரும் இதையேதான் சொன்னார்கள்.

டியூப்லெஸ் டயர் பஞ்சரே ஆகாது என்று யார் சொன்னது? டியூப் இல்லாத அந்த டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் முள் குத்திய ஓட்டையை அடைக்கும், அவ்வளவுதான். ஓட்டை சில மில்லிமீட்டரைத் தாண்டினால் அடைக்காது. கூரான கல் பக்கச் சுவரைக் கிழித்தால் மொத்தத் திரவமும் பீய்ச்சிக்கொண்டு வெளியே போய்விடும். அதோடு அந்தத் திரவம் சில மாதங்களில் காய்ந்தும் விடும். போன பருவத்தில் ஊற்றியதை நம்பி வருபவர்களின் டயரைப் பிரித்தால் உள்ளே வெறும் ரப்பர் படலம்தான் ஒட்டியிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். அலம்பும் சத்தம் கேட்காவிட்டால் திரவம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, டியூப் எடுத்துக்கொண்டாயிற்று. அது மட்டும் போதாது. டியூப்லெஸ் வால்வைக் கழற்றினால்தான் டியூபை உள்ளே வைக்க முடியும். அந்த வால்வின் நட்டு காய்ந்த திரவத்தில் இறுகிக் கிடக்கும், விரலுக்கு அசையாது. சின்னக் குறடு ஒன்று பையில் இருக்கட்டும். கிழிசலுக்கு உள்பக்கம் வைக்கப் பழைய டயரில் வெட்டிய துண்டு ஒன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் புது டியூப் கிழிசல் வழியே புடைத்து வெடிக்கும். டியூபைப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தைக் கவனமாகத் தடவிப் பாருங்கள். திரவம் அடைத்து வைத்திருந்த பழைய முட்கள் அங்கேயேதான் நிற்கும். அவற்றைப் பிடுங்காமல் போட்டால் அடுத்த நிமிடமே பஞ்சர்.

பம்ப் பெரியதாக இருக்கட்டும். மெல்லிய டயருக்கான குட்டி பம்பில் தடித்த டயரை நிரப்பக் கை சோர்ந்துவிடும். டயரை நிரப்பும் 16 கிராம் வாயுக் குப்பி ஒன்றே போதும் என்று நினைக்காதீர்கள், தடித்த டயருக்குள் அது போன இடம் தெரியாது.

செயின் அறுந்தால் செயின் கட்டரும் இணைப்புக் கண்ணியும் வேண்டும். 11 கியர் செயினுக்கு 11 கியர் கண்ணிதான் சேரும். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் வண்டிக்கு வண்டி மாறும், அதனால் உங்கள் வண்டிக்கு உரியதை இப்போதே வாங்கி வையுங்கள். ஆலன் கீ, டயர் லீவர், பிளாஸ்டிக் கட்டுப்பட்டை, பம்பில் சுற்றிய ஒட்டு டேப். ஹைட்ராலிக் பிரேக் உள்ள வண்டியில் சக்கரத்தைக் கழற்றிய பிறகு பிரேக் பிடியைத் தொடாதீர்கள். பேட்களுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகி வையுங்கள்.

இவ்வளவையும் கட்டி எடுத்துப்போகிறவர்கள்கூட ஒரு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். கருவிப் பையை அடியில் வைத்து, அதன்மேல் 20 கிலோ இறைச்சியைக் கட்டிவிடுகிறார்கள். மூட்டையை அவிழ்க்காமலே எட்டுகிற மாதிரி, கருவிப் பையை பிரேமின் முக்கோணத்துக்குள் கட்டுங்கள். கனமான சுமை கீழே, இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே பெரும்பாலும் பொறித்திருப்பார்கள், அதை மீறாதீர்கள். கேரியர் போல்ட்டுகள் குலுங்கிக் குலுங்கித் தளரும். கிளம்பும்போதும் திரும்பும்போதும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

துப்பாக்கி விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். பெடல் மிதிக்கும்போது அதில் ஒரு குண்டுகூட இருக்கக் கூடாது. உறையில் போட்டு வண்டியோடு இறுகக் கட்டுங்கள், குறுக்கே முதுகில் மாட்டாதீர்கள். விழுந்தால் முதுகெலும்பு அதன்மேல்தான் விழும். அம்பு முனைகளுக்கும் கட்டாயம் மூடி வேண்டும்.

அப்புறம், கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு இரவு, வீட்டு வாசலில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், காட்டுக்கு எடுத்துப்போகும் கருவிகளை மட்டும் வைத்துப் பின் சக்கரத்தில் ஒரு டியூபை மாற்றிப் பாருங்கள். எது குறைகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.