அரிப்பு நின்றால் நோய் போய்விட்டது என்று யார் சொன்னது?

ஜூலை மாதம், மழை விடாமல் கொட்டிய ஒரு சனிக்கிழமை. கிளினிக்கில் கடைசியாக வந்தவர் தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சி. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பை மூட்டி, ஏழு மணிக்குள் சைக்கிளில் கிளம்பினால் மதியம்தான் வீடு திரும்புவார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "ஆம்பிள டாக்டர் யாரும் இல்லியாம்மா?" என்றார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து மேசைமேல் வைத்தார். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிப் பொட்டுவரை பிதுக்கிய டியூப்.

"இது போட்டா உடனே நிக்கும்மா. விட்டா மறுபடி வருது. இதைவிட பவரா ஒண்ணு எழுதிக் குடுங்க."

அந்த வாரத்தில் என் மேசைக்கு வந்த ஒன்பதாவது டியூப் அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்குத் தொடை இடுக்கில் தொடங்கியது படர்தாமரை என்ற சாதாரணப் பூஞ்சைத் தொற்று. எட்டு மாதத்தில் பின்புறம், இடுப்பு, வயிறு என்று பரவியிருந்தது. அது போதாதென்று, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவதுபோல் தொடை இடுக்கில் வரி வரியாகக் கோடுகள். சொறிந்த தடம் என்று நினைத்திருக்கிறார். அது அந்த டியூபின் தடம். படர்தாமரையை என்னால் குணப்படுத்த முடியும், அந்தக் கோடுகளை அழிக்க முடியாது.

டியூபில் அப்படி என்னதான் இருக்கிறது? க்ளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டு, அதோடு ஒரு பூஞ்சைக் கொல்லி, ஒரு ஆன்டிபயாடிக். மூன்றில் ஏதோ ஒன்று கேட்காமலா போகும் என்ற கணக்கு. நிறையப் பேர் நினைப்பது இதுதான்: அரிப்பு நின்றுவிட்டது, ஆகவே மருந்து வேலை செய்கிறது. இல்லை, ஐயா. பூஞ்சை வந்திருக்கிறது என்று கண்டு உங்கள் உடம்பு சண்டை போடுகிறது. அந்தச் சண்டைதான் அரிப்பு, சிவப்பு எல்லாம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது, பூஞ்சையை அல்ல. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடன் போய்விட்டான் என்று படுத்துத் தூங்குவது போல. உள்ளே அவன் நிதானமாகச் சாமான்களை அள்ளிக்கொண்டிருக்கிறான். மருந்தை விட்டதும் நாய் முன்னைவிட வெறியாகக் குரைக்கும். நீங்கள் மறுபடி கடைக்கு ஓடுவீர்கள். இப்படியே எட்டு மாதம்.

அதுவும் எந்த இடத்தில்? முன்கைத் தோல் உறிஞ்சுவதைப்போல் சுமார் 40 மடங்கு ஸ்டீராய்டை விதைப்பைத் தோல் உறிஞ்சும். தொடை இடுக்கும் மெல்லிய, மூடிய, ஈரமான இடம்தான். உள்ளங்காலின் தடித்த தோலுக்கு எழுதுகிற மருந்தை அங்கே போய்ப் பூசுகிறோம்.

2018இலேயே பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசு விதியைத் திருத்திவிட்டது. எந்த மெடிக்கலில் சீட்டுக் கேட்கிறார்கள், சொல்லுங்கள்? பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சொன்னால் போதும், டியூப் கைக்கு வந்துவிடும்.

இன்னொரு தலைவலியும் உண்டு. இப்போது நம் ஊரில் பரவியிருக்கும் படர்தாமரைப் பூஞ்சை பழைய பூஞ்சை அல்ல. 2020இல் அதற்கு ட்ரைகோஃபைட்டன் இன்டோடினியே என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். பெயரிலேயே இந்தியா. பல வருஷம் நாங்கள் நம்பி எழுதிய டெர்பினஃபின் மாத்திரைக்கு அது பல நேரம் அசைவதில்லை. முன்பு இரண்டு வாரத்தில் போனதற்கு இப்போது இரண்டு மாதம்கூட ஆகிறது. கண்டபடி களிம்பு பூசியதற்கும் இதில் பங்கு உண்டு என்பது எங்கள் துறையில் பலரின் சந்தேகம்.

சரி, தொடை இடுக்கில் அரித்தாலே படர்தாமரைதானா? அதுவும் கிடையாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பருமனானவர்களுக்கும் கேண்டிடா என்ற ஈஸ்ட் வரும். நல்ல சிவப்பு, சுற்றிலும் சின்னச் சின்னப் பருக்கள். சர்க்கரை இருப்பதையே சிலர் இந்த அரிப்பால்தான் கண்டுபிடிக்கிறார்கள். பழுப்பாக, அவ்வளவாக அரிக்காமல் ஒரு படை இருந்தால் அது பாக்டீரியாவால் வரும் எரித்ராஸ்மா என்ற நோயாக இருக்கலாம். விசேஷ விளக்கில் பவளச் சிவப்பாக ஒளிரும், எனக்கு அது இன்னும் அலுக்காத காட்சி. ராத்திரியில் அரிப்பு கூடி, விரல் இடுக்கிலும் இருந்து, வீட்டில் எல்லோரும் சொறிந்தால் சிரங்கு. மடிப்புகளில் வரும் சோரியாசிஸ் செதில் இல்லாமல் வழவழப்பாக இருந்து எங்களையே ஏமாற்றும். குளிக்கிற தண்ணீரில் டெட்டாலைத் தாராளமாக ஊற்றி, அந்த எரிச்சலிலேயே வருபவர்களும் உண்டு. மனக்கவலையில் சொறிந்து சொறிந்தே தோல் தடித்துப்போனவர்கள் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே டியூபா?

"உடம்புச் சூடும்மா, மோர் குடிச்சா போயிடும்" என்பவர்களுக்கு: மோர் நல்லது, குடியுங்கள். பூஞ்சைக்கு அது தெரியாது. "தப்பான நோயா இருக்குமோ" என்று வெளியே சொல்லாமல் மறைப்பவர்களுக்கு: பெரும்பாலும் இல்லை. வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். நாள் முழுக்க நான் பார்ப்பதே இதைத்தான்.

மும்பை மழைக்காலத்தில் பத்துக்குப் பத்து அறையில் துணி காயாது, எனக்கும் தெரியும். ஈர ஜட்டியைப் போட்டுக்கொண்டு லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம் நிற்காதீர்கள். உள்ளாடையை உள்பக்கம் திருப்பி, தையல் ஓரங்களில் அழுத்தி இஸ்திரி போடுங்கள். இறுக்கமான ஜீன்ஸை மழை முடியும்வரை அலமாரியில் வையுங்கள். துண்டு ஆளுக்கு ஒன்று. குளித்ததும் இடுக்குகளை ஒற்றி உலர்த்திவிட்டு உடுத்துங்கள். டாக்டர் தந்த களிம்பைப் படையின் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூசுங்கள். தோல் சுத்தமாகிவிட்டது என்று பத்தாம் நாளே நிறுத்தினால் என் உழைப்பும் வீண், உங்கள் காசும் வீண். வீட்டில் வேறு யாருக்கு அரித்தாலும் சேர்த்தே கூட்டி வாருங்கள்.

அண்ணாச்சியிடம் இதைக் கேட்டபோதுதான், மனைவிக்கும் இடுப்பில் இருக்கிறது, அதே டியூபைத்தான் அவளும் பூசுகிறாள் என்றார். திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள். ஸ்டீராய்டை விட்டால் முதல் வாரம் அரிப்பு கூடும் என்று முன்பே எச்சரித்திருந்தேன். இருந்தும் ஆறாம் நாள் போன்: "அந்தப் பழைய டியூப கொஞ்சூண்டு மட்டும் போட்டுக்கட்டுமாம்மா?"

அரிப்போடு வருகிறவர்கள் இதுவரை பூசிய டியூப்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். திட்ட மாட்டேன். சரி, கொஞ்சம் திட்டுவேன்.