நைட்ரோ டிரக் மின்சாரத்துக்கு மாறும்போது

ரேடியோவால் தூரத்திலிருந்து ஓட்டப்படும் நைட்ரோ மாதிரி டிரக்கின் எஞ்சின் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுடையது; ஆனால் நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளுக்கு மேலும் சுழலக்கூடியது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் ஆகிய மூன்றும் கலந்த எரிபொருளில் ஓடும் இந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கின் பிளாட்டினக் கம்பிச்சுருள் மெத்தனாலுக்கு வினையூக்கியாக அமைந்து, ஒவ்வொரு சுழற்சியிலும் தன் சூட்டைத் தக்கவைத்துக்கொள்வதால்தான் எரிதல் தொடர்கிறது. சுழற்சி மிகவும் குறைந்தால் எஞ்சின் அணைந்துவிடும்.

டிரக்கின் மற்ற பாகங்களில் பாதி, எஞ்சினின் இத்தகைய குறைகளை ஈடுகட்டவே இருக்கின்றன. சக்கரங்கள் நிற்கும்போதும் எஞ்சின் சுழன்றுகொண்டிருக்க வேண்டும் என்பதற்காக மையவிலக்கு விசையில் பற்றும் கிளட்ச் இருக்கிறது. எஞ்சின் குறுகிய வேக எல்லைக்குள் மட்டுமே முழுத் திறனைத் தருவதால் பல டிரக்குகளில் இரண்டு வேக கியர்பெட்டி வைக்கப்படுகிறது. பின்னோக்கிச் செல்லத் தனிக் கியரும், நிறுத்துவதற்கு டிஸ்க் பிரேக்கும் தேவைப்படுகின்றன. ஆகவே எஞ்சினைக் கழற்றிய இடத்தில் மின்மோட்டாரைப் பொருத்துவதோடு மாற்றம் முடிந்துவிடுவதில்லை. எஞ்சினுக்காகவே இருந்த பாகங்களில் எதை நீக்குவது, எதை வலுப்படுத்துவது என்று தீர்மானிப்பதுதான் உண்மையான வேலை.

பிரஷ்லெஸ் மோட்டார், அதாவது உரசும் பிரஷ்கள் இல்லாத மின்மோட்டார், நின்ற நிலையிலேயே தன் உச்ச முறுக்குவிசையைத் தர வல்லது. எனவே கிளட்ச் தேவையில்லை. மோட்டார் தண்டில் பொருத்திய பினியன் என்ற சிறு பற்சக்கரம், ஸ்பர் கியர் என்ற பெரிய பற்சக்கரத்துடன் நேராக இணைகிறது. இரண்டு வேக கியர்பெட்டியை ஒரே கியரில் நிலைநிறுத்திவிடலாம். மோட்டாரின் மூன்று சுருள்களுக்கும் மின்னோட்டம் செல்லும் வரிசையை, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து தரும் வேகக் கட்டுப்படுத்தி மாற்றினால் டிரக் பின்னோக்கி ஓடும். அதே கட்டுப்படுத்தி மோட்டாரை ஜெனரேட்டராக இயங்க வைக்கும்போது பிரேக் கிடைக்கும். கார்புரேட்டரையும் பிரேக்கையும் இயக்கிய சர்வோ என்ற சிறு இயக்கிக்கு இனி வேலையில்லை. ரேடியோ சமிக்ஞையை வாங்கும் ரிசீவருக்கும் ஸ்டியரிங் சர்வோவுக்கும் தேவையான மின்சாரத்தைப் பெரும்பாலான கட்டுப்படுத்திகளே தந்துவிடுவதால், அவற்றுக்கான தனி பேட்டரியும் நீங்குகிறது.

மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கேவி எண். ஒரு வோல்ட்டுக்கு, சுமையில்லாத நிலையில், நிமிடத்துக்கு எத்தனை சுற்றுகள் என்பதை அது சொல்கிறது. நான்கு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் பெயரளவு மின்னழுத்தம் 14.8 வோல்ட், 2000 கேவி மோட்டார் அதில் 29,600 சுற்றுகளை எட்டும், அதாவது ஏறத்தாழ பழைய எஞ்சினின் வேகம். மொத்த கியர் விகிதம் 12 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் 12 சுற்று), சக்கரத்தின் விட்டம் 15 செ.மீ. என்று கொண்டால், கணக்குப்படி மணிக்குச் சுமார் 70 கி.மீ. வேகம் கிடைக்கும், தரையில் இது சற்றுக் குறையும். ஆறு செல் பேட்டரியில், அதாவது 22.2 வோல்ட்டில், இதே சுழற்சியைப் பெற 1350 கேவி போதும். 1000 வாட் திறனுக்கு முதல் அமைப்பு ஏறத்தாழ 68 ஆம்பியரை இழுக்கும். இரண்டாவது 45 ஆம்பியரோடு நின்றுவிடும். கம்பிகளில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அதே மின்தடையில் அந்த இழப்பு பாதிக்கும் கீழே இறங்குகிறது. கனமான டிரக்குக்குக் குறைந்த கேவி, உயர்ந்த மின்னழுத்தம் என்ற சேர்க்கையே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

நின்ற நிலையிலேயே கிடைக்கும் அந்த முறுக்குவிசை ஆபத்தும் ஆகிறது. நைட்ரோ எஞ்சின் வேகமெடுக்கும்போது கிளட்ச் சிறிது வழுக்கி அதிர்ச்சியை உள்வாங்கும். மோட்டாரில் அந்த இடைவெளியே இல்லை. முழு அதிர்ச்சியும் ஸ்பர் கியர், டிஃபரன்ஷியல், டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றின் மீது இறங்கி, அவற்றுள் பலவீனமானதை முதலில் உடைக்கும். அதிக விசை வரும்போது வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் தனியாக உள்ள டிரக்கில் அதைச் சற்றுத் தளர்த்தி வைப்பதும், கட்டுப்படுத்தியில் தொடக்க விசையைக் குறைத்து அமைப்பதும் இதற்காகத்தான்.

பினியனும் ஸ்பர் கியரும் சேரும் இடத்தில் அவசரம் கூடாது. இரண்டின் பல் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மெல்லிய காகிதக் கீற்றை இரு பற்களுக்கிடையே விட்டு, மோட்டாரை நெருக்கித் திருகுகளை இறுக்கிய பின் கீற்றை உருட்டி வெளியே எடுத்தால், காகிதம் மடிப்பு மடிப்பாக, ஆனால் கிழியாமல் வர வேண்டும். கிழிந்தால் இடைவெளி குறைவு. மடிப்பே பதியாவிட்டால் அதிகம். ஸ்பர் கியர் முழு வட்டமாக இல்லாமல் இருக்கக்கூடும் என்பதால், அதைத் திருப்பிப் பல இடங்களில் சோதிப்பது நல்லது.

ஆற்றலைப் பொறுத்தவரை லிப்போ பேட்டரி மெத்தனாலுக்கு நிகரில்லை. கிலோவுக்குச் சுமார் 5.5 கிலோவாட்-மணி அதில் இருக்கிறது, லிப்போவில் 0.2 கிலோவாட்-மணிகூட அரிது. ஆயினும் அந்தச் சிறிய எஞ்சின் எரிபொருள் ஆற்றலின் பெரும்பகுதியை வெப்பமாகவும் புகையாகவும் இழந்துவிடுகிறது. நல்ல மோட்டாரோ தான் பெறும் மின்சாரத்தின் பெரும்பகுதியைச் சுழற்சியாக்குகிறது. இருந்தாலும் பேட்டரி எடை மிக்கது. ஓட ஓட எரிபொருள் தொட்டியைப் போல அது இலேசாவதும் இல்லை. ஆகவே அதை வைக்கும் இடம் முக்கியம். டிராக்ஸாஸ் நிறுவனத்தின் டி-மேக்ஸ் என்ற நைட்ரோ டிரக்குக்கு மின்வடிவமாக வந்த இ-மேக்ஸில் பேட்டரிகள் சேஸிஸின் இருபுறமும் தாழ்வாக அமர்ந்திருக்கும். மாற்றியமைப்பவர்கள் இதைப் பின்பற்றலாம்.

முதல் ஓட்டத்தைச் சில நிமிடங்களில் நிறுத்தி மோட்டாரின் வெப்பத்தை அளக்க வேண்டும். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால், ஒரு பல் குறைந்த பினியனுக்கு மாறுவதே முதல் பரிகாரம். கட்டுப்படுத்தி மோட்டாரை நிறுத்தும் மின்னழுத்த வரம்பை ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட்டுக்குக் குறையாமல் அமைக்க வேண்டும். அதற்கும் கீழே ஓட்டிக்கொண்டே போனால் லிப்போ செல்கள் நிரந்தரமாகப் பழுதடையும்.